உள்ளே ஆள் பூஜ்யம்

மினாத்தோ தெருவின் முரசு முழங்கிக்கொண்டு ரயிலடித் திடலுக்குள் நுழைந்தபோது கினுவேயின் கையிலிருந்த சோற்றுருண்டை நழுவிக் கீழே விழுந்தது. கூட நின்று பரிமாறிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இந்த அடி வேறு. மூன்றரை மணிக்கு ஆலையை விட்டுக் கிளம்பும்போது அவள் காதில் விழுந்த அடி வேறு.

மினஹாமாவில் பிறந்தவர்களுக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டாம். பதினெட்டுத் தெருவுக்குப் பதினெட்டு முரசுத் தேர், தண்டு கட்டி நூற்றைம்பது பேர் தோளில் தூக்கி வருவது; ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி. கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்கள். மினாத்தோ தெருக்காரர்களுக்குத் துறைமுகத்துப் பிழைப்பு. வேகமாக நாலு அடி, ஒரு மூச்சு, மறுபடி வேகமாக நாலு. அவர்களுக்கு எதிலும் அவசரம்தான்.

மத்தியானம் கேட்டது அப்படி இல்லை. மெதுவாக மூன்று. நிறுத்தம். மெதுவாக மூன்று. துறைமுகப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். 'பொழுது சாயறதுக்குள்ளயே ஊத்திக்கிட்டானுங்க போல, அடி தள்ளாடுது' என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். அதோடு விட்டாளா? அந்த அடிக்கே காலெடுத்து வைத்து ஆலை வாசல் வரைக்கும் நடந்து வந்தாள். 

மினாத்தோ தேர் திடலோரம் இறங்கி இளைப்பாறியது. கினுவே சோற்றுத் தட்டை வைத்துவிட்டு முரசுக்காரனிடம் ஓடினாள்.

"ஏம்பா, மூணரை மணிக்கு ஒத்திகை பாத்தீங்களா?"

"மூணரைக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க! நேத்து மழையில தோல் ஊறிப்போய், நாலரை மணி வரைக்கும் அடுப்பு வெச்சுக் காயவெச்சோம். உங்க தெருக்காரங்க கிளப்பிவிட்ட கதையா இது? மினாத்தோ ஆளுங்க அடிக்கத் தெரியாம அடிச்சாங்கன்னு?"

"இல்ல, இல்ல. சும்மாதான் கேட்டேன்."

"முகம் ஏன் இப்பிடி வெளுத்திருக்கு? ஒரு வாய் குடிங்க, சரியாயிடும்."

அவள் குடிக்கவில்லை. திடல் கடிகாரத்தில் மணி ஐந்து பத்து.

கினுவேக்கு வயது நாற்பத்தெட்டு. இவாசே மேஸ்திரியின் ஒப்பந்தக் கூட்டத்தில் பதினோரு வருஷமாகத் தொட்டிக் காவல் வேலை. பெரிய ஆலையின் தொட்டிகளை வருஷத்துக்கு ஒருமுறை காலி செய்து, ஆட்கள் உள்ளே இறங்கி அடியில் படிந்த கசடைச் சுரண்டி எடுப்பார்கள். தொட்டியின் வாய் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுதான். அந்த வாயருகே ஒரு முக்காலி போட்டுக் கினுவே உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் ஆணி அடித்த ஒரு பலகை. உள்ளே போகிறவன் தன் பேர் எழுதிய மரச்சீட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும்; வெளியே வந்ததும் தன் கையால் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பன், மகன் என்றாலும் ஒருவன் சீட்டை இன்னொருவன் தொடக்கூடாது. பலகை காலியானதும் கினுவே எழுந்து, தலையை உள்ளே நீட்டி, விளக்கடித்து, தொட்டியின் நடுவில் இருக்கிற தடுப்புக்கு அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, வலது கையை நீட்டி விரலால் சுட்டி, "உள்ளே ஆள் பூஜ்யம்! சரி!" என்று உரக்கக் கூவ வேண்டும். கூவிவிட்டுக் காகிதத்தில் முத்திரை வைத்தால் மூடி ஏறும், போல்ட் ஏறும்.

விரலால் சுட்டிக் கூவுவது ஆலையில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். வால்வைச் சுட்டி "மூடியிருக்கு, சரி!", தண்டவாளத்தைச் சுட்டி "வண்டி இல்லை, சரி!" கண் தூங்கினாலும் கையும் வாயும் சேர்ந்து அதை எழுப்பிவிடும் என்பதுதான் அதன் தாத்பரியம். பதினோரு வருஷத்தில் கினுவேக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டிலும் அடுப்பைச் சுட்டி "அணைஞ்சது, சரி!", கதவைச் சுட்டி "பூட்டியாச்சு, சரி!" அவள் புருஷன் தெய்ச்சி அவளை ஓட்டுவதே இதை வைத்துத்தான். "என்னையும் ஒருதரம் சுட்டிக் காட்டிச் சரின்னு சொல்லிடு, நிம்மதியாத் தூங்குறேன்" என்பான்.

இன்றைக்கு மூன்று மணிக்கு என்ன நடந்தது? கினுவே கூட்டத்துக்கு நடுவில் நின்று நினைவைத் துழாவினாள். ஏழாம் நம்பர் தொட்டி. உள்ளே ஐந்து பேர். ஊரே தேருக்குப் பறந்துகொண்டிருந்தது. "போதும் போதும், ஏறுங்கடா!" என்று மேஸ்திரி கத்திவிட்டு, தலைதெறிக்க அவரும் ஓடிவிட்டார். ஒவ்வொருவனாக வெளியே வந்தான், சீட்டை எடுத்தான், ஓடினான். கடைசியாகக் கட்சுயா. அவன் கை பலகைக்குப் போனது. அந்தக் கையில் இரண்டு சீட்டு.

இரண்டு. ஆமாம், இரண்டு. அப்போதே கண்ணில் பட்டது. கேட்க நினைத்தாள். அதற்குள் அவன் "அக்கா, சீக்கிரம் கூவுங்க, தண்டுல என் இடத்தைப் பிடிச்சுக்குவானுங்க" என்று சிரித்தான், மூடியைத் தூக்கினான். அவளும் எழுந்தாள். கை நீண்டது. குரல் எழும்பியது. கணீரென்று எழும்பியது, அது நன்றாக நினைவிருக்கிறது. விளக்கடித்தாளா? தலையை உள்ளே நீட்டினாளா? எவ்வளவு துழாவினாலும் அவள் குரல்தான் திரும்பத் திரும்பக் கேட்டதே தவிர, தொட்டியின் உள்பக்கம் ஒன்றுகூடக் கண்முன் வரவில்லை.

கோகா வெளியே வந்ததை அவள் பார்த்தாளா?

கோகாவுக்கு வயது ஐம்பத்தேழு. கியூஷூத் தீவில் நிலக்கரிச் சுரங்கம் மூடியதும் பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருஷம். மினஹாமாவின் பிழைப்பே அப்படித்தான். மலையில் செம்பு கிடைத்தது, உருக்கினார்கள். புகை இறங்கி நெல்லெல்லாம் கருகியது. உழவர்கள் கடப்பாரையோடு வந்ததும் உருக்காலையைத் தூக்கிக் கடலுக்குள் தீவில் வைத்தார்கள். காற்று வாட்டமாகத் திரும்பி அந்தப் புகையை ஊருக்கே கொண்டுவந்து கொட்டியது. பிறகு எவனோ ஒரு கெட்டிக்காரன் புகையைப் பிடித்து உரமாக்கினான். உரத்துக்குப் பக்கத்தில் அமிலம், அமிலத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக். மலை காலியாகி மூடிப் பத்து வருஷம் ஆகிவிட்டது, ஆலை மட்டும் நிற்கவில்லை. நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள், இடம் கொடுத்தது ஊர். ஆனால் தேர்த்தண்டில் மட்டும் இடம் கொடுக்காது. அது அப்பன் தெருவை வைத்து வருவது. கோகாவுக்குத் தெரு இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒருவர்கூட "வாங்க, தோள் குடுங்க" என்று அவரைக் கூப்பிட்டதில்லை. கினுவேயும் கூப்பிட்டதில்லை.

கட்சுயா தண்டில் இல்லையென்றால் அடுத்த நிமிஷமே நூற்றைம்பது பேர் தேடுவார்கள். கோகா இல்லையென்றால் யார் தேடப்போகிறார்கள்?

போன மாசம் தேநீர் வேளையில் கோகா அதிசயமாக வாயைத் திறந்து ஒன்று சொன்னார். சுரங்கத்தில் பாறை சரிந்து அடைத்துக்கொண்டால் கத்தக்கூடாதாம். கத்தினால் காற்றுத் தீர்ந்துவிடும். கையில் கிடைத்ததை எடுத்துச் சுவரில் மூன்று முறை தட்டி, நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டு, மறுபடி மூன்று முறை தட்ட வேண்டுமாம்.

மூன்றரை மணிக்குக் கேட்டதும் அதேதான்.  காகிதத்தில் அவளே முத்திரை வைத்த வரி கண்முன் வந்தது: நைட்ரஜன் திறப்பு, மாலை ஆறு மணி. தொட்டியில் நிரப்பப்போகும் அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் விழுந்துவிடுவான், மூன்றாவது இழுக்க எழுந்திருக்கமாட்டான்.

அவள் தெருத் தேர் திடலின் மேற்கு மூலையில் நின்றது. கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு போனாள். கட்சுயா முன்தண்டில், வெற்று மார்பும் தலையில் முறுக்கிய துண்டுமாக, அடுத்த தூக்கலுக்குத் தயாராக நின்றான்.

"கட்சுயா! ரெண்டு சீட்டு எடுத்தியே, இன்னொண்ணு யாரோடது?"

"என்னக்கா, இங்க வந்து சீட்டு கீட்டுன்னு..."

"யாரோடதுடா?"

அவன் முகத்தில் சிரிப்பு வற்றியது. "கோகா அண்ணனோடது. கருவியெல்லாம் பொறுக்கிட்டிருந்தார். பின்னாலயே வர்றேன்னு தலையாட்டினார். ஒரு நிமிஷம் மிச்சமாகுமேன்னு..."

"வந்தாரா? அவர் வெளிய வந்ததை நீ பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன்? நான் மூடியைத் தூக்கப் போயிட்டேன். நீங்கதானே வாசல்ல உக்காந்திருந்தீங்க. நீங்கதானே கூவினீங்க, ஆள் பூஜ்யம்னு. நீங்க கூவினதுனாலதான் நான் மூடினேன்."

பக்கத்தில் நின்ற தண்டுக்காரன் ஒருவன், "என்ன கினுவேக்கா, இங்கயும் எண்ணிட்டு இருக்கீங்களா? எண்ணுங்க எண்ணுங்க, நூத்தம்பதும் சரி!" என்று விரலை நீட்டிக் காட்டினான். சுற்றி நின்றவர்கள் கெக்கலித்தார்கள். கட்சுயாவும் கினுவேயும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் நேராக ஆலைக்குத்தான் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பயம் ஒரு மனுஷியை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது பாருங்கள். ரயிலடித் தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைந்தவள், முதலில் கோகா தங்கியிருந்த விடுதியைத்தான் அழைத்தாள். 'அவர் அங்கே இருக்கட்டும், கடவுளே, அங்கே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருக்கட்டும்.'

"கோகாவா? இன்னும் வரலியே" என்றாள் விடுதிக்காரி. "குளிக்கத் தண்ணி போட்டு ஆறிக்கிட்டிருக்கு. நாலு மணின்னா நாலு மணிக்கு வர்ற மனுஷன். தேர் பாக்கப் போயிட்டாரோ என்னவோ. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லையாம்! அடுத்த காசு அவர் வழக்கமாக நின்றபடியே ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் போகிற மதுக்கடைக்கு. கடைக்காரர் பின்னணி இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்: "இன்னிக்கு வரல! அவர் கிண்ணம் கவுத்தது கவுத்தபடி இருக்கு!"

மணி ஐந்து இருபத்தைந்து. கூண்டின் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. ஒருவேளை சினிமாவுக்குப் போயிருப்பாரோ? கடற்கரையில் உட்கார்ந்திருப்பாரோ? ஆலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, நாளைக்கு அந்த மனுஷர் பல் குத்திக்கொண்டு வந்து நின்றால்? இவாசே மேஸ்திரியின் ஒப்பந்தம் போகும். பதினாறு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். பைத்தியக்காரி என்று ஊர் சிரிக்கும். அவர் உள்ளே இருந்தாலோ, அவள் கொலைகாரி.  முதல் பயத்துக்காக இரண்டாவதை இத்தனை நேரம் தள்ளிப்போட்டோமே என்று உறைத்தபோது, தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. கடைசிப் பத்து யென் காசைப் போட்டு ஆலை எண்ணைச் சுழற்றினாள்.

வாசல் காவலர் இணைப்பைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொடுக்க ஒரு யுகம் ஆனது. எடுத்தவர் தோகுமாரு. பெரிய ஆலையின் நேரடி ஊழியர், பேச்சில் எப்போதும் ஒரு தாளைப் படிக்கிற தோரணை.

"சார், நான் கினுவே, ஏழாம் நம்பர் தொட்டிக் காவல். நைட்ரஜனைத் திறக்காதீங்க. மூடியைக் கழட்டி ஒருதரம் பாக்கணும்."

"எதுக்குப் பாக்கணும்? காகிதம் என் முன்னாலதான் இருக்கு. ஆள் பூஜ்யம். உங்க முத்திரை இருக்கு."

"முத்திரை என்னுதுதான் சார். ஆனா ஒருதரம்..."

"கினுவே அம்மா, இருபத்தி நாலு போல்ட். மறுபடி கழட்டணும்னா பிரிவுத் தலைவர் சொல்லணும். அவர் தேர்மேல கொடி பிடிச்சுட்டு நிக்கிறார். நீங்க பாத்துட்டுத்தானே முத்திரை வெச்சீங்க?"

 வெளியே இரண்டு தேர்கள் ஒரே நேரத்தில் முழங்க ஆரம்பித்தன. கூண்டே அதிர்ந்தது.

"பாத்தீங்களா, இல்லியா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பாக்கல."

"என்ன?"

"பாக்கல சார்! பாக்காமத்தான் கூவினேன்! கோகா அண்ணன் உள்ள..."

காசு தீர்ந்து இணைப்பு அறுந்தது.

அவர் காதில் எது விழுந்தது, எது விழவில்லை? சட்டைப் பையைத் துழாவினாள். கைக்குட்டை, முத்திரை. காசு இல்லை. கூண்டை உதைத்துத் திறந்துகொண்டு ஓடினாள்.

ஆலைக்குப் போகிற பெரிய சாலையை மினாத்தோ தேரும் அவள் தெருத் தேரும் அடைத்துக்கொண்டு எதிரெதிரே நின்றன. மோதக்கூடாது என்று போலீஸ் ஒலிபெருக்கியில் கெஞ்சிக்கொண்டிருந்தது. ஆண்டுதோறும் கெஞ்சும், ஆண்டுதோறும் மோதுவார்கள். தண்டுக்குக் கீழே பெண் நுழையக்கூடாது என்பது அவள் பாட்டன் காலத்து வழக்கம். கினுவே குனிந்து தண்டுக்குக் கீழே நுழைந்தாள்.

"ஏய்! யாருடி அது? கண்ணு பொட்டையா?"

"தள்ளுங்கடா!" என்று கத்தினாள். அவள் குரல் கணீர்க் குரல்தான், அந்த இரைச்சலிலும் நாலு பேர் விலகினார்கள். வியர்வை நாற்றத்துக்கும் கால்களுக்கும் நடுவே தவழாத குறையாக மறுபக்கம் வந்து விழுந்தபோது, ஒரு சைக்கிள் அவளை உரசி நின்றது.

கட்சுயா. தண்டை விட்டுவிட்டு வந்திருந்தான். விழாவன்று தண்டை நடுவில் விட்டவனுக்கு அடுத்த வருஷம் இடம் கிடையாது. அது அவனுக்கும் தெரியும்.

"ஏறுங்கக்கா."

அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். அவன் மிதித்துக்கொண்டே அழுதான்.

"நான்தான் கொன்னுட்டேன்ல?"

"வாயை மூடு. மிதி."

"ஒரு நிமிஷம்க்கா. ஒரே ஒரு நிமிஷம் மிச்சம் பிடிக்கலாம்னு..."

"மிதிடா!"

வாசலில் காவலர் ஏதோ கேட்டார், நிற்கவில்லை. ஆலைக்குள் ஆள் நடமாட்டமே இல்லை. குழாய் வரிசைகளுக்கு நடுவே போகும்போது எங்கேயோ 'உஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சீறல் கேட்டது. கினுவே கட்சுயாவின் இடுப்பைக் கவ்விப் பிடித்தாள். திறந்துவிட்டார்கள். மணி ஆறு ஆகவில்லையே, தேர் பார்க்கிற அவசரத்தில் முன்கூட்டியே திறந்துவிட்டார்களே!  அடுத்த திருப்பத்தில் நீராவிக் குழாய் ஒன்று வெள்ளையாகப் புகை விட்டுக்கொண்டிருந்தது. சீறல் அதுதான்.

ஏழாம் நம்பர் தொட்டியருகே தோகுமாரு தனியாக நின்றிருந்தார். கையில் பெரிய திருகுசாவி, காது தொட்டியின் இரும்புச் சுவரில்.

"திறந்துட்டீங்களா சார்?"

"இல்ல. வால்வுக்குப் பூட்டுப் போட்டுட்டேன். 'பாக்கல'ன்னு மட்டும்தான் கேட்டுச்சு. அது போதாதா?" தாள் படிக்கிற தோரணையெல்லாம் போயிருந்தது. "நாலு போல்ட் கழட்டிட்டேன். தட்டித் தட்டிப் பாத்தேன், கினுவே அம்மா. உள்ளேருந்து பதில் இல்ல."

பதில் இல்லை. மூன்றரை மணிக்கு இருந்த பதில் இப்போது இல்லை. அடியில் மிச்சமிருக்கும் கசடு மூடிய தொட்டியில் காற்றைக் கெடுத்துக்கொண்டே இருக்கும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். 

கட்சுயா இயந்திரத்தை எடுத்துப் போல்ட் கழற்றினான். தோகுமாரு கையால் கழற்றினார். கினுவே எண்ணினாள். எட்டு. ஒன்பது. ஒன்று துருவேறி மாட்டிக்கொண்டது, கட்சுயா அதைத் திட்டிக்கொண்டே உதைத்தான். பதினாறு. பதினேழு. தூரத்தில் தேர்கள் மோதிக்கொண்ட சத்தமும் பெரிய ஆரவாரமும் கேட்டன. இருபத்து மூன்று. இருபத்து நாலு. மூடி சாய்ந்தது.

கட்சுயா உள்ளே பாயப்போனான். தோகுமாரு அவன் அரைக்கச்சையைப் பிடித்து இழுத்தார். "போகாதடா! நீயும் விழுவே! மொதல்ல காத்து!" கட்சுயா காற்றூதியின் குழலை உள்ளே தள்ளி இயக்கினான்.

கினுவே விளக்கை வாங்கித் தலையை உள்ளே நீட்டினாள். புளித்த நெடி முகத்தில் அடித்தது.

"கோகாண்ணே!"

இரும்பு அவள் குரலையே திருப்பித் தந்தது. விளக்கைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் திருப்பினாள். ஒரு சுரண்டுகருவி. ஒரு வாளி. ஒரு ஜோடி ரப்பர் காலணி, அடிப்பாகம் இந்தப் பக்கம் பார்த்தபடி, அசையாமல். அதிலிருந்து தொடங்கும் இரண்டு கால்கள்.

  விளக்கை அந்தக் காலணிகள்மேலேயே பிடித்திருந்தாள். பின்னால் கட்சுயா "இருக்காரா? அக்கா, இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. காற்றூதி இரைந்துகொண்டே இருந்தது.

இடது காலணி அசைந்தது.

"வெளக்கை அந்தப் பக்கம் திருப்பு" என்றது ஒரு கம்மிய குரல். "கண்ணுல குத்துது."

காற்று மீட்டர் முள் பச்சைக்கு வந்ததும் தோகுமாருவும் கட்சுயாவும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே போய் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கோகாவின் உதடு நீலம் பாரித்திருந்தது, வலது கை முட்டி தோலுரிந்து ரத்தமாக இருந்தது. கினுவேயின் முக்காலியில் உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக, மிச்சம் வைக்காமல் குடித்தார். தோகுமாரு ஆம்புலன்ஸுக்குச் சொல்ல ஓடினார்.

"ஒரு மணி நேரம் தட்டினேன்" என்றார் கோகா. "அப்பறம் வெளிய முரசுச் சத்தம் ஏறிட்டே வந்துச்சு. இனிமே தட்டிப் புண்ணியமில்லன்னு படுத்துட்டேன். படுத்தா மூச்சு கொஞ்சமாத்தான் செலவாகும்."

"அண்ணே, நான்..." கினுவே தரையில் மண்டியிட்டு, நெற்றி சிமெண்டில் படக் குனிந்தாள். கட்சுயா அவளுக்குப் பின்னால் விழுந்தான்.

"எனக்கு ஒரு காது மந்தம், உனக்குத் தெரியும். மேஸ்திரி ஏறச் சொன்னது கேக்கல. ஆனா நீ கூவினது கேட்டுச்சு. கணீர்னு கேட்டுச்சு." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளைக் கொன்றது. "உள்ளே ஆள் பூஜ்யம்னே. நான் தடுப்புக்குப் பின்னால நின்னுக்கிட்டிருக்கேன். 'இருக்கேன் இருக்கேன்'னு கத்தறதுக்குள்ள மூடி ஏறிடுச்சு. அப்பறம் இருட்டுல உக்காந்து, நான் இருக்கேனா இல்லியான்னு என் கையையும் காலையும் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டேன். பன்னெண்டு வருஷமா இந்த ஊர்ல எனக்கே அப்பப்ப அந்தச் சந்தேகம் உண்டு. இன்னிக்கு ஒருத்தி சத்தம் போட்டே சொல்லிட்டா."

கட்சுயா இடுப்புக் கச்சையில் செருகியிருந்த மரச்சீட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். கோகா அதைத் திருப்பிப் பார்த்துத் தன் பேரை ஒருதரம் படித்துவிட்டு, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தோகுமாரு திரும்பி வந்தார். ஆம்புலன்ஸ் தேர்க்கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வரப் பத்து நிமிஷம் ஆகுமாம். பிறகு தயங்கித் தயங்கி, "தொட்டியை இப்பிடித் திறந்துபோட்டு வைக்கக் கூடாது. மறுபடி மூடணும். சட்டப்படி காவல் ஆள்தான்..." என்று கினுவேயைப் பார்த்தார்.

நாளைக்கு விசாரணை வரும், முத்திரையைப் பிடுங்கிக்கொள்வார்கள், தெய்ச்சியிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதெல்லாம் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. எழுந்தாள். விளக்கை எடுத்து இடுப்பு வரைக்கும் உள்ளே போனாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், அடியைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். காலி. மறுபடியும் பார்த்தாள். காலிதான். வெளியே வந்து கையை நீட்டினாள்.  வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. பதினோரு வருஷம் தானாக வந்த குரல், எங்கே போய் ஒளிந்துகொண்டதோ.

"அண்ணே" என்றாள் கோகாவைப் பார்த்து. "கொஞ்சம் எழுந்து நிக்க முடியுமா? எனக்கு எதிர்ல வந்து நில்லுங்க."

கோகா கட்சுயாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து நின்றார். கினுவே தொட்டியின் வாயைச் சுட்டிய விரலை மெதுவாகத் திருப்பி அவர் மார்புக்கு நேராக நீட்டினாள்.

"கோகா அண்ணன், ஓர் ஆள்" என்றாள்.  "வெளியே! சரி!"

கோகா அந்த விரலைப் பார்த்தார். பிறகு ரத்தம் காய்ந்த தன் கையை உயர்த்தி, தன் மார்பைத் தானே சுட்டிக்கொண்டு, அவள் சொன்னதையே தானும் உரக்கக் கூவினார்.